எலிக்காய்ச்சல்: வயலிலும் வாய்க்காலிலும் நெல் கிடங்கிலும் வேலையாட்களைக் காக்க முழுமையான வழிகாட்டி

கெண்டைக்கால் வலிக்கிறது என்று நடவு வயலில் ஒருத்தி சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். காலை ஆறரைக்குக் குனிந்தவள் மதியம் ஒரு மணிக்கு நிமிர்கிறாள். வலிக்காமல் என்ன செய்யும்? எலிக்காய்ச்சல் ஆளை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். முதல் மூன்று நாள் அது வேலை அலுப்பின் வேஷத்தில் வருகிறது. உடம்பு வலி, தலைவலி, காய்ச்சல், கெண்டைக்காலில் பிடித்திழுக்கும் வலி. ஒரு ஊசி போட்டுக்கொண்டு படுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வைக்கும்.

காவிரி டெல்டாவில் பல வருடம் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். ஓர் ஐப்பசியில் வாய்க்கால் தூர்வாரப் போன ஒருவரைக் கடைசியாகப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நாற்பது வயதுக்குள் இருப்பார், நல்ல கட்டான உடம்பு. காய்ச்சல் வந்த அன்று மெடிக்கலில் மாத்திரை வாங்கியிருக்கிறார். மூன்றாம் நாள் பக்கத்து ஊரில் வலி ஊசி. ஐந்தாம் நாள் கண் மஞ்சளானதும் காமாலைக்குப் பச்சிலை. ஆறாம் நாள் சிறுநீர் நின்ற பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி. அவருடைய கால் விரல் இடுக்குகள் வெளுத்து ஊறி, தோல் உரிந்து கிடந்தன. அதன்மேல் வீட்டில் பூசிவிட்ட மஞ்சள் காய்ந்திருந்தது. அந்த ஆறு நாளில் அவரைப் பார்த்த நான்கு பேரில் ஒருவர்கூட "என்ன வேலைக்குப் போனீங்க?" என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தெரியாது. அவர் பிழைக்கவில்லை.

இந்த வழிகாட்டி ஆட்களை வேலைக்கு வைப்பவர்களுக்கு: பண்ணைக்காரர், நடவுக்கு ஆள் கூட்டிவரும் மேஸ்திரி, நூறு நாள் வேலைத்தளப் பொறுப்பாளர், அரிசி ஆலை சூப்பர்வைசர், கொள்முதல் நிலையத்தில் சுமை தூக்குவோரின் சங்கத்தார், தூய்மைப் பணியாளர்களின் மேற்பார்வையாளர். வேலை செய்பவர்களே படித்தால் இன்னும் நல்லது.

முதலில், நோய் எந்த வழியாக உள்ளே வருகிறது

கிருமியின் பெயர் லெப்டோஸ்பைரா. நூல் சுருள் போல இருக்கும். எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும், ஆனால் எலிக்கு ஒன்றும் செய்யாது. அந்த எலி வாழ்நாள் முழுக்கச் சிறுநீரோடு கிருமியை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். மாடு, பன்றி, நாய் வழியாகவும் பரவலாம். அதனால் மாட்டுக்கொட்டில் வேலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் காய்ந்தால் கிருமி சாகும், குளோரின் பட்டாலும் சாகும். ஆனால் தேங்கிய நல்ல தண்ணீரிலும் ஈரச் சேற்றிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் நம் வயலும் வாய்க்காலும் அதற்குத் தொட்டில்.

உள்ளே போக அதற்கு எலிக்கடி தேவையில்லை. ஒரு கீறல் போதும், சேற்றுப்புண், பித்தவெடிப்பு போதும். கண், மூக்கு, வாயில் தெறிக்கும் தண்ணீர் போதும். பல மணி நேரம் தண்ணீரில் ஊறிய தோல் வழியாகவும் நுழையும். நுழைந்த பிறகு காய்ச்சல் வர 2 முதல் 30 நாள்வரை ஆகலாம், பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் வந்துவிடும். அதாவது இன்று சாக்கடையில் இறங்கியவருக்கு அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் காய்ச்சல் வரும். அப்போது அவர் வேறு இடத்தில் சித்தாள் வேலையில் இருப்பார். இரண்டையும் முடிச்சுப்போட யாருக்கும் தோன்றாது.

தொடக்கத்திலிருந்தே இது உழைப்பாளிகளின் நோய். 1886ல் ஜெர்மனியில் அடால்ஃப் வைல் காமாலையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்த இந்தக் காய்ச்சலை விவரித்தார். கிருமி இன்னதென்று 1915ல் ஜப்பானில் இனாடா, இடோ குழுவினர் கண்டது கியூஷூ தீவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளிடம். இலங்கையில் 2008ல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் சந்தேகிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் அடுத்தடுத்துச் சிலரைக் கொண்டுபோன காய்ச்சலும் எலிக்காய்ச்சல்தான் என்று உறுதியானது.

எலியை ஒட்டி வரும் வேறு நோய்களும் உண்டு, அவற்றை உரிய இடத்தில் சொல்கிறேன். ஆனால் நம் பக்கத்து வேலையாட்களுக்கு முதல் எதிரி இதுதான். இதற்குச் செய்யும் காவலில் பாதி மற்றவற்றுக்கும் உதவும்.

படி 1: வேலை தொடங்கும் முன் இடத்தை நடந்து பாருங்கள்

காகிதத்தில் எழுதும் ஆய்வு வேண்டாம். ஆட்கள் இறங்கும் முந்தைய நாள், கையில் குச்சியோடு அரை மணி நேரம் நடந்தால் போதும்.

வயலில் வரப்பைப் பாருங்கள். புதிதாகத் தோண்டிய மண் குவிந்த வளை இருந்தால் எலி இப்போது உள்ளே இருக்கிறது. தண்ணீர் ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா? தேங்கியதை முடிந்தவரை வடித்துவிடுங்கள். வாய்க்காலில் உடைந்த பாட்டில், முள், தகரம் கிடக்கும் இடத்தில் குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டுங்கள். வெட்டுக்காயம்தான் கிருமிக்குத் திறந்த வாசல், கண்ணாடியைப் பொறுக்குவதும் எலிக்காய்ச்சல் தடுப்புதான்.

கிடங்கில் சுவரோரம் பாருங்கள். எலி ஒரே தடத்தில் ஓடும், அந்தத் தடத்தில் சுவர் எண்ணெய்ப் பிசுக்கு பிடித்துக் கறுத்திருக்கும். புழுக்கை பளபளப்பாக, ஈரமாக இருந்தால் புதிது. சாம்பல் பூத்து நொறுங்கினால் பழையது. சாக்கு அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நுழையும் அளவு இடம் விட்டிருக்கிறார்களா? விடாவிட்டால் அந்த இடுக்கில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

படி 2: காலைப் பாருங்கள்

பணம் செலவில்லாதது, நான் பார்த்தவரை யாருமே செய்யாததும் இதுதான். காலையில் பெயர் கூப்பிடும்போது ஒவ்வொருவர் காலையும் கையையும் பாருங்கள். பெண்கள் காலை ஆண் மேஸ்திரி பார்ப்பது சரிவராது. குழுவில் மூத்த அக்கா ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். விரல் இடுக்கை விரித்துப் பார்க்க வேண்டும். சேற்றுப்புண் மேலிருந்து பார்த்தால் தெரியாது. குதிகால் வெடிப்பில் இரத்தம் கசிகிறதா, அரிவாள் கீறல் ஆறிவிட்டதா என்றும் பாருங்கள்.

திறந்த புண் உள்ளவரை அன்று தண்ணீரில் இறக்காதீர்கள். ஆனால் வீட்டுக்கும் அனுப்பாதீர்கள். கூலி போய்விடும் என்று தெரிந்தால் நாளை அவர் புண்ணை மறைப்பார், அதற்கு மறுநாள் எல்லோரும் மறைப்பார்கள். அவருக்குக் கரை வேலை கொடுங்கள். நாற்று முடிச்சு எடுத்துக் கொடுப்பது, சாப்பாடு தண்ணீர் பார்த்துக்கொள்வது, கிடங்கில் சாக்கு தைப்பது, கணக்கு எழுதுவது என்று ஏதாவது இருக்கும். கூலி அதே கூலி. இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் கறாராக இருந்தால் மீதிப் படிகளெல்லாம் தானாக நடக்கும். கூலியைப் பிடித்தால் ஒன்றும் நடக்காது.

சேற்றுப்புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் மருதாணியும் பூசுவது நம் வழக்கம். ஆறட்டும் என்று இரவில் பூசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அது கிருமியைத் தடுக்கும் கவசம் என்று நினைத்து மறுநாள் சேற்றில் இறங்கக் கூடாது. பல நாளாக ஆறாத புண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பூஞ்சைக்கான களிம்பு கேளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இது இரட்டிப்பு அவசரம்.

படி 3: பூட்ஸ், கையுறை

வாய்க்கால் தூர்வார, சாக்கடை அள்ள, வெள்ளம் வடிந்த தெருவைச் சுத்தம் செய்ய முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் கட்டாயம். கை முட்டிவரை வரும் கனமான ரப்பர் கையுறை, தண்ணீர் தெறிக்கும் இடத்தில் கண்ணாடி. ஒரே அளவில் இருபது ஜோடி வாங்கி வைத்துவிட்டு "போடவே மாட்டேங்கிறாங்க" என்று குறைப்படாதீர்கள். கால் அளவு கேட்டு வாங்குங்கள், பெண்களுக்குப் பெரும்பாலும் சிறிய அளவு வேண்டும். மாலையில் கழுவி, தலைகீழாகக் கவிழ்த்துக் காயவைக்கக் கம்பு நட்டு இடம் செய்யுங்கள். உள்ளே ஈரமாக இருக்கும் பூட்ஸ் நாள் முழுக்கக் காலை ஊறவைக்கும். ஓட்டை பூட்ஸ் வெறுங்காலைவிட மோசம்.

நடவுக்கும் களைக்கும் பூட்ஸ் ஒத்துவராது. சேறு காலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், தூக்கி வைக்க முடியாது. அங்கே பூட்ஸைக் கட்டாயப்படுத்திப் பயனில்லை. வெறுங்காலோடு இறங்கத்தான் போகிறார்கள் என்று ஒத்துக்கொண்டு, மற்ற மூன்று காவலை இறுக்குங்கள்: புண் உள்ளவரை இறக்காமல் இருப்பது, ஏறியதும் கழுவிக் காயவைப்பது, வாராந்திர மாத்திரை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வரப்பில் ஏறிக் கால் காயவிடும் ஓய்வும் உதவும்.

மலக்குழி, பாதாளச் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது பற்றி ஒரே வரி. எந்த பூட்ஸும் அதை நியாயமாக்காது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது, அங்கே இயந்திரம்தான் இறங்க வேண்டும்.

படி 4: கரையில் ஒரு டிரம் தண்ணீர்

வேலை முடிந்ததும் எல்லோரும் கால் கழுவுவார்கள். எங்கே? அதே வாய்க்காலில். சேற்றைக் கழுவிக் கிருமியைப் பூசிக்கொள்வது போலத்தான் அது. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ நிரப்பிக் கரையில் வையுங்கள். அடியில் குழாய் பொருத்தி, மூடி போட்டு, சோப்பை வலைப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். மூன்று முறை கழுவ வேண்டும்: சாப்பிடும் முன், பீடி, வெற்றிலைக்கு முன், வேலை முடிந்து வீடு போகும் முன். கழுவியபின் விரல் இடுக்கைத் துடைக்க வேண்டும். தலைக்குக் கட்டும் துண்டு வேறு, கால் துடைக்கும் துணி வேறு.

தூக்குவாளியை வரப்பில் வைக்காமல் மரக்கிளையில் மாட்டுங்கள். குடிதண்ணீர்க் குடம் மூடியிருக்கட்டும், வாய்க்கால் தண்ணீரைக் குடிக்கவோ வாய் கொப்பளிக்கவோ கூடாது. கிடங்கில் சாப்பாட்டு இடம் சாக்கு அடுக்கிலிருந்து தள்ளி இருக்கட்டும். சாக்கின் மேல் உட்கார்ந்து சாப்பிடுவது பழக்கம்தான், ஆனால் எலி ஓடுவதும் அந்தச் சாக்கின் மேல்தான்.

படி 5: வாராந்திர மாத்திரை

நோய் வருமுன் காக்கப் போடும் ஆன்டிபயாடிக் இது: டாக்சிசைக்ளின் 100 மி.கி. மாத்திரை இரண்டை ஒன்றாக, வாரத்துக்கு ஒருமுறை. ஆபத்தான வேலை நடக்கும் வாரங்களில் மட்டும், மருத்துவர் சொல்லும் காலம்வரை. பனாமா காட்டில் 1982ல் பயிற்சி எடுத்த அமெரிக்கப் படைவீரர் 940 பேரிடம் இதைச் சோதித்தார்கள். வெற்று மாத்திரை போட்டவர்களில் 20 பேருக்கு நோய் வந்தது, மருந்து போட்டவர்களில் ஒருவருக்கு. கேரளத்தில் 2018 வெள்ளத்தில் மீட்புப் பணியிலும் சுத்தம் செய்யும் பணியிலும் இறங்கியவர்களுக்கு இதைத்தான் கொடுத்தார்கள். இலங்கையில் வயல் வேலைக் காலத்தில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாக, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் விவசாயிகளுக்கு இலவசமாகத் தருகிறார்கள்.

இது எல்லாம் வல்ல மருந்து இல்லை. கிருமி நுழைவதை இது முழுக்கத் தடுக்காது, நோயாக மூள்வதையும் உயிரைக் குடிப்பதையும் குறைக்கும். அந்தமானில் நடந்த ஆய்வும் அப்படித்தான் காட்டியது. மாத்திரை போட்டாயிற்று என்று பூட்ஸைக் கழற்றினால் கணக்கு தப்பிவிடும்.

மேஸ்திரி மெடிக்கலில் அட்டையாக வாங்கி விநியோகிப்பது வேண்டாம். வேலை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பார்த்து, இத்தனை பேர், இன்ன வேலை, இத்தனை வாரம் என்று எழுதிக் கொடுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், இந்த வகை மருந்துக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் யார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு என்ன செய்வது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

போடும் முறையிலும் கவனம் வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அடுத்த வாரம் வாங்கிக்கொண்டு முந்தானையில் முடிந்துவிடுவார்கள். சாப்பிட்டபின், ஒரு சொம்பு தண்ணீரோடு விழுங்கவேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது, படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி நெஞ்சைப் புண்ணாக்கும். பாலோடு போடக் கூடாது. நம் பெண்களில் பலர் இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் டாக்சிசைக்ளின் உடம்பில் சேராது. அது காலையில், இது இரவில் என்று பிரித்துச் சொல்லுங்கள். வெயிலில் தோல் சீக்கிரம் கன்றும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

படி 6: கிடங்கைச் சுத்தம் செய்யும்போது துடைப்பத்தைத் தொடாதீர்கள்

மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்த கிடங்கைத் திறந்ததும் நாம் முதலில் எடுப்பது துடைப்பம். காய்ந்த புழுக்கையும் மூத்திரமும் பொடியாகிக் காற்றில் எழும்பும், சுத்தம் செய்பவர் அதைத்தான் மூச்சாக இழுக்கிறார். எலி வகைகள் சுமக்கும் ஹன்டா என்ற வைரஸ் மனிதருக்குப் பரவும் வழி இதுதான். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 2012ல் எலி புகுந்த கூடாரக் குடில்களில் தங்கியவர்களைத் தாக்கியது அதுதான், பத்துப் பேரில் மூவர் இறந்தார்கள். அது எங்கோ தூரத்து நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. ஹன்டா குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸுக்கு வேலூரின் தொட்டபாளையம் என்றே பெயர். 1964ல் அங்கே பிடித்த மூஞ்சூறிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அந்த வைரஸ் மனிதருக்குக் கடும் நோய் தருவதாகத் தெரியவில்லை. ஆனால் எலி வளை தோண்டும் இருளர்களிடமும் தானியக் கிடங்குத் தொழிலாளர்களிடமும் ஹன்டா வகைக் கிருமி தொட்டுப்போன தடயத்தை வேலூர் ஆய்வாளர்கள் இரத்தப் பரிசோதனையில் பார்த்திருக்கிறார்கள். நனைத்துத் துடைக்கும் பழக்கத்துக்கு இது போதுமான காரணம்.

செய்யும் வரிசை:

1. கதவு, சன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு அரை மணி நேரம் யாரும் உள்ளே போகாதீர்கள்.
2. ரப்பர் கையுறை, என்95 முகக்கவசம், மூடிய காலணி. வாயில் துண்டு கட்டுவது போதாது.
3. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 16 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது ஒரு மேசைக்கரண்டி. பத்து லிட்டர் வாளிக்கு 160 கிராம். அன்றன்றைக்குக் கரைக்க வேண்டும், திறந்து கிடந்த பழைய மூட்டைக்கு வீரியம் இருக்காது. கழிவறை ஆசிட்டோடு எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள், நச்சுப்புகை கிளம்பும்.
4. புழுக்கை, கூடு, செத்த எலி எல்லாவற்றின் மேலும் மெதுவாகத் தெளித்து நன்றாக நனையவிடுங்கள். பீய்ச்சி அடித்தால் தூசி பறக்கும். குறைந்தது ஐந்து நிமிடம் விடுங்கள்.
5. ஈரத்தோடு பழைய துணியால் வழித்து, பையில் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டுக் கட்டிப் புதையுங்கள். பிறகு தரையை அதே கரைசலால் துடைக்கலாம்.
6. கையுறையோடு கையைக் கழுவி, அதன்பின் கையுறையைக் கழற்றி, மறுபடி சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

நெல்லும் அரிசியும் இருக்கும் அடுக்கின்மேல் கரைசல் தெளிக்க முடியாது. எலி கிழித்து, நனைந்த சாக்குகளை முதலில் பிரித்து ஓரம் வைத்துவிட்டுத் தரையிலிருந்து தொடங்குங்கள்.

எலி கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரி. டெட்டனஸ் ஊசி வேண்டியிருக்கும், எலிக்கடிக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் தேவையா என்றும் மருத்துவர் பார்ப்பார்.

படி 7: எலியைக் குறைப்பது

இதை ஏழாவதாக வைத்தது தெரிந்தேதான். எலிக்கு மருந்து வைத்தால் ஆட்களைக் காத்துவிட்டோம் என்று நினைக்கிறோம். செத்த எலி விட்டுப்போன தண்ணீரில் கிருமி அப்படியே இருக்கும், பக்கத்து வயல் எலி அடுத்த வாரமே குடிவந்துவிடும். தனி ஆள் வைக்கும் மருந்து வீண். ஊர் கூடி, ஒரே வாரத்தில், எல்லா வயலிலும் செய்ய வேண்டும். அதுவும் நட்ட சில வாரத்துக்குள். தொண்டைக்கதிர் வந்துவிட்டால் எலி வேறு இரையைத் திரும்பிப் பார்க்காது. வரப்பைக் குறுகலாக வைத்து, புல் செதுக்கி விட்டாலே வளை பாதியாகக் குறையும். கூகை வந்து உட்காரக் கம்பு நடுங்கள், அது இரவெல்லாம் நமக்காக வேலை செய்யும்.

தஞ்சாவூர் கிட்டி இன்றைக்கும் நல்ல பொறி. மூங்கில் வில்லும் கயிறும்தான், விஷம் கிடையாது. ஆனால் விடிகாலையில் கிட்டியிலிருந்து எலியைக் கழற்றும் கையைப் பாருங்கள். இரத்தம், மூத்திரம் எல்லாம் வெறும் விரலில். கிட்டி வைப்பவருக்கு முதலில் கையுறை வாங்கிக் கொடுங்கள். வளை வெட்டி எலி பிடிக்கும் இருளர்கள் காலங்காலமாக மண்பானையில் புகை மூட்டி வாயால் ஊதி வந்தார்கள். உதடு சுடும், நெஞ்சில் புகை அடையும். கையால் சுற்றும் இரும்புப் புகைபோடும் கருவி வந்திருக்கிறது. அவர்களை வேலைக்குக் கூப்பிடுபவர் அதையும் கையுறையையும் ஏற்பாடு செய்ய வேண்டும். வெட்டிய எலியைச் சமைக்கக் கொண்டுபோவோர் தோலுரிக்கும்போது கையில் கீறல் இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும். நன்றாக வெந்த கறியில் பயமில்லை, பயம் உரிக்கும் கையில்தான்.

கிடங்கில் அடைப்புதான் மருந்து. அரை அங்குலச் சந்தில் எலி நுழையும், கால் அங்குலத்தில் சுண்டெலி நுழையும். கதவுக்கு அடியில் தகரப் பட்டை, குழாய் நுழையும் ஓட்டையில் கம்பிவலையும் சிமெண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் எலிப் பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்துவிட்டது, வைத்திருந்தால் ஒப்படையுங்கள். புகையாகும் எலி மருந்தை ஆள் படுக்கும் அறை பக்கம் கொண்டுபோகவே கூடாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். கிடங்கிலேயே படுக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் நம் ஆலைகளில் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள்.

மருந்து எதுவும் வைக்காமலே எலிகள் செத்துச் செத்து விழுந்தால் அது வேறு கதை. தொடாதீர்கள், அன்றே சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்கள். பிளேக்கின் பழைய முன்னறிவிப்பு அது. செத்த எலியை விட்டு இறங்கும் தெள்ளுப்பூச்சி அடுத்த சூடான உடம்பைத் தேடும். 1994ல் சூரத் நகரமே காலியானது இந்த நோயின் பயத்தில்தான்.

படி 8: காய்ச்சல் நாளை எண்ணுங்கள்

மற்ற ஏழையும் பாதி செய்து, இதை முழுதாகச் செய்தாலும் உயிர் தப்பும். வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகக் கைபேசி எண் எழுதிவையுங்கள். தண்ணீர் வேலை முடிந்து ஒரு மாதம்வரை, வாரம் ஒருமுறை கூப்பிட்டு "காய்ச்சல் ஏதும் இருக்கா அக்கா?" என்று கேளுங்கள். வேலைக்கு வராதவரை அன்றே கேளுங்கள்.

அலுப்பா, எலிக்காய்ச்சலா? வீட்டிலேயே மூன்று விஷயம் பார்க்கலாம். அலுப்பு வலி படுத்தால் குறையும், அதோடு காய்ச்சல் வராது. எலிக்காய்ச்சலில் கெண்டைக்காலை லேசாக அமுக்கினாலே காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள். கண் செக்கச்செவேலென்று இருக்கும், ஆனால் பீளை கட்டாது. மூன்றாவது, சிறுநீர் குறைகிறதா என்று கேளுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார்கள், வீட்டுப் பெண்களைக் கேட்கச் சொல்லுங்கள். கண் மஞ்சள், மூச்சுத் திணறல், இருமலில் இரத்தம், சிறுநீர் இல்லாமை, பிதற்றல், இதில் ஏதாவது ஒன்று வந்தால் 108ஐக் கூப்பிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

புல் செதுக்கியவர், புதர் வெட்டியவர் என்றால் இன்னொன்றையும் தேடுங்கள். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு மடிப்பு, மார்புக்கு அடியில் பீடிச் சூடு பட்டது போல வலிக்காத கறுத்த பொருக்கு. அது ஸ்க்ரப் டைபஸ். புதரில் வாழும் பொடி உண்ணிகளின் குஞ்சு கடித்து வருவது, அந்தக் குஞ்சுகள் எலியின் மேலும் ஒட்டிக்கொள்ளும். அதற்கும் டாக்சிசைக்ளின் நல்ல மருந்து, அதுவும் தாமதித்தால் கொல்லும். புதர் வேலைக்கு முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள், புல் தரையில் நேராக உட்கார வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் குளித்துத் துணியைத் துவைத்துவிட வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். வலி ஊசியும் மெடிக்கலில் தரும் கலவை வலி மாத்திரைகளும் ஏற்கெனவே அடிவாங்கும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். முதல் வாரத்தில் எடுக்கும் ஐஜிஎம் இரத்தப் பரிசோதனை பல நேரம் இல்லை என்று காட்டும், உடம்பு எதிர்ப்புப் பொருளை உண்டாக்க ஐந்தாறு நாளாவது ஆகும். அந்தத் தாளை நம்பி வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது. வேலையையும் அறிகுறியையும் வைத்தே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம். லேசான நிலையில் டாக்சிசைக்ளின் ஏழு நாள், முற்றிய நிலையில் நரம்பு வழியே பென்சிலினோ செஃப்ட்ரியாக்ஸோனோ. இரண்டுமே நம் அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் பழக்கமான மருந்துகள்தான். முதல் சில நாளில் கிடைத்தால் பெரும்பாலோர் எழுந்து நடந்து வீடு திரும்புவார்கள். வாராந்திர மாத்திரை போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்தால் இதே அவசரம்தான், வாரத்துக்கு ஒருமுறை போடும் அளவு சிகிச்சை ஆகாது.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். தொற்று அபாயமுள்ள வேலையால் வந்த தொற்றுநோய், 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்வழி நோய்களின் முதல் இனமாகவே இருந்தது. அதனால் எந்தத் தேதியில் எந்த வேலை என்ற பதிவு, குடும்பத்துக்கு நாளைக்கு வேண்டிய ஆதாரம். பதிவேட்டை அழிக்காதீர்கள். பெயரே எழுதாமல் ஆள் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கையில் கொடுத்தனுப்ப வேண்டிய சீட்டு

ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் நம் ஆட்கள் வாய் திறந்து விவரம் சொல்லமாட்டார்கள். "காய்ச்சல்" என்று ஒரே வார்த்தை சொல்லி மாத்திரை வாங்கி வந்துவிடுவார்கள். அதனால் சீட்டாக எழுதிக் கையில் கொடுங்கள். பத்துச் சீட்டு எழுதி, இடம் விட்டு, வருகைப் பதிவேட்டுக்குள் இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்:

"இவர் வாய்க்கால் தூர்வாரும் வேலை செய்தவர். தண்ணீரில் நின்ற நாட்கள்: ___ முதல் ___ வரை. காலில் புண் இருந்தது / இல்லை. காய்ச்சல் தொடங்கிய தேதி: ___. இன்று ___ஆவது நாள். கெண்டைக்கால் வலி: உண்டு / இல்லை. கண் சிவப்பு: உண்டு / இல்லை. கடைசியாகச் சிறுநீர் போனது: ___ மணி. வாராந்திர டாக்சிசைக்ளின்: போட்டார் / போடவில்லை. இதுவரை போட்ட ஊசி, மாத்திரை: ___. எலிக்காய்ச்சலா என்று தயவுசெய்து பார்க்கவும். மேஸ்திரி கைபேசி: ___."